கால் தரையில் படாமல்

அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தவர் அவள் வேலைக்குப் போகும் ஒரு வீட்டுப் பெரியவர்தான். வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு, அலுவலகத்திலும் புயல், பேருந்து நிறுத்தத்திலும் புயல் என்று ஆகிவிட்டது. காலையில் வாசல் கதவைத் திறந்துகொண்டு வருவாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும் என்று சொன்னால் அது மிகைதான். கொஞ்சம்தான் மிகை.

தனியாக இருக்கும் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். நர்ஸ் இல்லை. ஊசி போடத் தெரியாது, போடவும் கூடாது. குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மாத்திரையை வேளைக்குக் கொடுத்து, இரண்டு வாய் சாப்பிட வைத்து, வீட்டையும் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று. ஒரு நிறுவனம் அவளை அனுப்புகிறது. அந்த நிறுவனத்தில் அவளைப்போல வேலை செய்ய ஆளே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அவளுக்குப் பெயர் வைத்த பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருக்கும் உயரமான கட்டடங்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. "கதவு மாட்டிக்கிற கட்டடம்", "மூணாவது மாடியில முனகுற கட்டடம்" என்றுதான் சொல்வார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். இப்படித் தனியாக இருந்தவரைப் பக்கவாதம் வந்து ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மகள் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

"நான் எழுந்து நடமாடுற வரைக்கும் என் வீட்லதான் இருப்பேன். என்னால எழுந்திருக்க முடியலன்னா நீ எங்க வேணா கொண்டுபோய்ப் போடு. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார்.

மகள் அதற்கு ஒப்புக்கொண்டாள். அப்போது அவரால் எழுந்திருக்க முடிந்தது. நாற்காலியின் கையை அழுத்தி, ஒரு முறை முன்னால் ஆடி, மூச்சைப் பிடித்து, வாக்கரைப் பற்றிக்கொண்டு தானாகவே நிற்பார். கழிவறை வரை போய் வருவார். போய் வருவதற்குள் ஒரு சினிமாப் படத்தில் இடைவேளை வந்துவிடும், ஆனால் போய் வருவார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

நிறுவனத்தில் சேரும்போது எல்லோருக்கும் பயிற்சி உண்டு. அதில் ஒரு நாள் முழுக்க ஒரே பாடம். ஒருவர் வயதானவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, ஆடி அசைந்து, முக்கி முனகி எழுந்திருக்க வேண்டும். மற்றவர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழப்போனால் மட்டும் பிடிக்கலாம். இல்லையென்றால் தொடவே கூடாது. அவர்களால் முடிந்ததை அவர்களே செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்பது விதி. வகுப்பே சிரித்தது. புயல் சிரிக்கவில்லை, அவளுக்குக் கோபம் வந்தது. பெற்ற அப்பன் தடுமாறி எழுந்திருக்கும்போது எவளாவது கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பாளா என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா வேலை?

அவளுக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டில் அவள் சமையலறையில் இருந்தபோது, குளியலறையில் ஒரு அம்மாள் வழுக்கி விழுந்தார். அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்கப்புறம் அவள் பார்த்த வீடுகளில் யாரும் விழுந்ததே கிடையாது. யாரும் விழாத வீடு என்றால் நிறுவனத்துக்குப் பெருமை. அலுவலகச் சுவரில் ஒரு பலகை மாட்டி, விழாமல் பார்த்துக்கொண்டவர்களின் படத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் ஒட்டுவார்கள். புயலின் படத்தைச் சுற்றி ஒட்ட இடமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு ஒட்ட அங்கே நட்சத்திரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, மெக்கானிக்கைப் புயல் தாங்கு தாங்கென்று தாங்கினாள்.

காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, "அப்பா, மூணு எண்ணுவேன், எழுந்துக்கணும், சரியா? ஒண்ணு..." என்பாள். இரண்டு சொல்வதற்குள் அவர் நின்றுகொண்டிருப்பார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. சட்டைப் பொத்தானை அவர் விரல் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்திருப்பாள். காலுறை மாட்டி, தலை வாரி, முகத்தை மழித்துப் பவுடர் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

"நான் இந்த ஊரையே தூக்கிவிட்டவன்மா. என்னைத் தூக்கிவிட நீ ஒருத்திதான் பொறந்திருக்க" என்பார்.

"நீங்க என்ன பெரிய பாரம்? ஒரு மூட்டை பஞ்சு" என்பாள்.

"பஞ்சா? அந்தக் காலத்துல என்னைப் பாத்திருக்கணும் நீ. லிஃப்டுல நான் ஏறினா மணி அடிக்கும், ஆள் அதிகம்னு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். உண்மையிலேயே பிரியமாகத்தான் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அவளுக்கு அப்பா முகம் நினைவில்லை. அவருக்கு மகள் முகம் வாரத்துக்கு ஒரு முறை செல்போன் திரையில் தெரிந்தது. அந்தத் திரையில் பளபளவென்று இருக்கும் அப்பாவைப் பார்த்து மகள் உருகிப்போவாள்.

"அக்கா, நீங்க எங்களுக்குக் கிடைச்சது எந்த ஜென்மத்துப் புண்ணியமோ. அப்பா கால் தரையில படாம பாத்துக்கறீங்க."

புயல் வெட்கப்பட்டுக்கொண்டு செல்போனை அவர் பக்கம் திருப்பிவிடுவாள். மகள் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வாக்கர் கொஞ்ச நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு, கூட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஜன்னல் ஓரம் போயிற்று. பிறகு அதில் துண்டு காயப்போட்டாள். வெயில் நன்றாக விழும் இடம். துண்டோடு காலுறையும் காய்ந்தது. காலை, மாலை இரண்டு வேளையும் அவள் தூக்கினாள். நடுவில் கழிவறைக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் ஓடிவந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் சிறுநீர்ப் புட்டி வைத்துவிட்டுப் போவாள். அவர் தானாக எழுந்திருக்கும் தேவையே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.

வருஷத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் அம்மா நேரில் வந்து பார்ப்பது வழக்கம். அவளும் நல்லவள்தான். தனக்கே மூட்டு வலி, படி ஏறும்போது முருகா என்று சொல்லிக்கொண்டே ஏறுவாள். அவள் வரும் நாளைக்குப் புயல் வீட்டையே பொன்னாக்கி வைத்திருந்தாள். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள் மேற்பார்வையாளர், ஒரு மாத்திரை இடம் மாறவில்லை. எரிவாயுக் குழாயைத் தடவிப் பார்த்தாள். குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தாள், அவை ஆடவில்லை. அவை புயல் அலுவலகத்தோடு சண்டை போட்டுப் பதிக்க வைத்தவை. தரையில் சுருண்டுகொள்ளும் பாய் இல்லை, காலில் மாட்டும் ஒயர் இல்லை. மெக்கானிக்கின் முதுகைப் பார்த்தாள். படுக்கைப் புண்ணின் சுவடுகூட இல்லை.

"சொல்றதுக்கே ஒண்ணுமில்ல. இதைப் படம் பிடிச்சு மத்தவங்களுக்குக் காட்டணும்" என்றாள் மேற்பார்வையாளர்.

புயல் பெருமையில் தரையில் நிற்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க பாப்போம்."

புயல் வழக்கம்போலக் குனிந்தாள்.

"நீங்க வேணாம்மா. நீங்க கையைப் பின்னால கட்டிக்குங்க."

"ஓ, பரீட்சையா?" என்று மெக்கானிக் சிரித்தார். "நிக்கறதுக்கெல்லாமா பரீட்சை வெப்பாங்க?" நாற்காலியின் கையை அழுத்தினார். முன்னால் ஆடினார். எழுந்திருக்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னொரு முறை ஆடினார். இடுப்பு நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

"இந்த நாற்காலி பள்ளமா இருக்கு" என்றார்.

கட்டிலில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கட்டில் மெத்தென்று இருக்கிறது என்றார். சமையலறையிலிருந்து உயரமான நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். தொடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது அவர் மேற்பார்வையாளரையும் பார்க்கவில்லை, புயலையும் பார்க்கவில்லை. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். யாரோ அவருக்குத் தெரியாமல் வந்து வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு முகம்.

"இன்னைக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்ல மேடம். ராத்திரி சரியா தூங்கல" என்றாள் புயல். நன்றாகத் தூங்கியதாகக் காலையில் அவளிடம் அவரே சொல்லியிருந்தார்.

மேற்பார்வையாளர் பேனாவை மூடிவிட்டாள். "இவ்வளவு நாளா இவரை யாரும்மா தூக்கினது?"

"நான்தான்."

"தனியாவா?"

"அவர் என்ன மேடம் பெரிய பாரம்."

தன்னால் கொஞ்சமும் நிற்க முடியாதவரை ஒரே ஆள் தூக்கக் கூடாது. அதுவும் விதிதான். தூக்குகிறவளின் முதுகும் போகும், ஒரு நாள் இருவரும் சேர்ந்து விழுவார்கள். அப்படிப்பட்டவருக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும், இல்லையென்றால் தூக்குகிற இயந்திரம் வேண்டும். மேற்பார்வையாளர் எழுந்து போய்க் குளியலறை வாசலைப் பார்த்தாள், படுக்கையறை வாசலைப் பார்த்தாள். அந்தக் குறுகல் வாசல்களில் இயந்திரம் திரும்பவே திரும்பாது. முழு நாளும் இரண்டு ஆள் அனுப்ப நிறுவனத்தில் ஆள் இல்லை. இதையெல்லாம் அவள் கத்திச் சொல்லவில்லை, அதுதான் கொடுமையாக இருந்தது.

"ஒரு மாசம் டைம் தரேன் ஐயா. உடற்பயிற்சி சொல்லித்தர ஒருத்தரை அனுப்பறேன். நீங்களா எழுந்து நின்னுட்டா இந்த வீட்லயே இருக்கலாம், ஒரு மாத்தமும் இல்ல. முடியலன்னா, உங்க பொண்ணுகிட்ட பேசித்தான் ஆகணும். பராமரிப்பு இல்லத்துக்குத்தான் போகணும்."

வாசல் வரை வந்த புயலிடம் தனியாகச் சொன்னாள். "இந்த ஒரு மாசம் வேற ஆளைப் போடட்டுமா? ஒருத்தி இருக்கா, கல்நெஞ்சக்காரி. கையைக் கட்டினா கட்டினதுதான்."

"வேணாம் மேடம். எங்கப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றாள் புயல்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிறகு எத்தனை முறை வாயிலிருந்து பிடுங்கி எறிய நினைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

உள்ளே மெக்கானிக் அதே உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார்.

புயல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. அவர் குனிந்து அவளைப் பார்த்தார்.

"உன்னைச் சொல்லி என்ன பண்றது. ஓட்டாம நிறுத்தி வெச்ச லிஃப்ட் என்ன ஆகும்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். ஆள் இல்லாத கட்டடம்னாலும் தினம் ஒருவாட்டி மேல கீழ ஓட்டுங்கடான்னு காவல்காரனை எல்லாம் திட்டியிருக்கேன். எனக்கு நானே சொல்லிக்கல. நீ தூக்கினா சொகமா இருந்துது. நானும் சொகம் கண்டுட்டேன்."

மறுநாளிலிருந்து வாக்கரில் இருந்த துண்டு இறங்கியது. உடற்பயிற்சிக்காரர் வந்து காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கச் சொன்னார். மெக்கானிக் வசவு கலந்து எல்லாவற்றையும் செய்தார். சோம்பல் அவரிடம் இல்லை. அவர் அந்த வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதற்கு எதையும் செய்யத் தயாராக இருந்தார். காலையில் உட்கார வைத்ததுமே நாற்காலியின் கையை அழுத்த ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது வாரம் இடுப்பு நாற்காலியை விட்டுக் கொஞ்சம் கிளம்பியது.

தயாராக இல்லாதது புயலின் கைதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். அவர் தொடை நடுங்க ஆரம்பித்ததும் அந்தப் பழைய சத்தம் காதில் கேட்கும். அடுத்த கணம் கை அவர் அக்குளில் இருக்கும். எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. துப்பட்டாவில் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். நாற்காலி கிறீச்சென்றால் போதும், பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

"நீ ஓடி வர்ற சத்தத்துலயே நான் உக்காந்துடறேன். கொஞ்சம் வெளியதான் போயேன்" என்று கத்துவார்.

"வெளிய போயிட்டா நீங்க விழுந்தா யாரு பாக்கறது?"

"விழுந்துட்டுப் போறேன், உனக்கென்ன?"

"எனக்கென்னவா? எனக்கென்னன்னா கேக்கறீங்க?" என்று அவளும் கத்துவாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

மாதம் முடியும் தறுவாயில் ஒரு காலை. மெக்கானிக் முன்னால் ஆடினார், மூச்சைப் பிடித்தார், இடுப்பு மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது. முதுகு பாதி நிமிர்ந்துவிட்டது. வாக்கரைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது, முழங்கால் ஆடியது. இன்னும் ஒரு மூச்சு இழுத்திருந்தால் போதும். புயல் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் கையில் தொங்கினார். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் கையை உதறினார்.

"விட்டிருந்தா நின்னிருப்பேன்! ஐயோ, விட்டிருந்தா நின்னிருப்பேனே!"

"விழப் போனீங்கப்பா..."

"நின்னிருப்பேன்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நின்றிருப்பாரா, விழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவள்தான் எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவருக்கு இடுப்பு அந்த அளவு எழும்பவில்லை, மனம் விட்டுப்போயிற்று. மேற்பார்வையாளர் மறுபடி வந்த அன்று இரண்டு முறை முயன்றுவிட்டு, "போதும்மா, எழுதிக்கோ" என்றார்.

மகள் வந்தாள். பகலில் அவள் வேலைக்குப் போய்விட்டால் அவள் வீட்டிலும் தூக்க ஆள் இல்லை என்பதால் இல்லம்தான் என்று முடிவாயிற்று. சொன்ன சொல்லை மெக்கானிக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த இல்லம், எத்தனை பேர் ஒரு அறையில், எதையும் கேட்கவில்லை. புயல்தான் கேட்டாள். தலையணை உயரமாக இருந்தால் அவருக்குக் கழுத்து வலிக்கும், டீ ஆறினால் தொடமாட்டார், இடது பக்கம் நின்று பேசினால் திரும்பமாட்டார் என்று மகளுக்குப் பின்னாலேயே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வந்து, முறைப்படி, ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் நின்று தூக்கினார்கள். புயலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மெக்கானிக் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவளையும் பார்க்காமல்தான் போனார்.

மழைக்காலம் வந்து போயிற்று. புயல் வேறு வீடுகளுக்குப் போனாள். பெயர் மட்டும் புயல். வேலை முன்னைப்போல ஓடவில்லை. அலுவலகப் பலகையில் இருந்த தன் படத்தை ஒரு நாள் தானே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், யாரும் கேட்கவும் இல்லை. இல்லத்துக்குப் போய் அவரைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பாள். எந்த முகத்தோடு போவது என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு உதவி. வீடு என் பேர்லதான இருந்துச்சு, அதை வித்துட்டோம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரல. நாலு வாட்டி போயிட்டுச் சொல்லாமலேயே திரும்பிட்டேன். நீங்க சொன்னா தாங்கிக்குவார். உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"என்னையா?"

"புயல் எங்க, புயல் ஏன் வரலன்னு ஒரே பாட்டு."

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். பேருந்து பழைய தெரு வழியாகத்தான் போகும். வீட்டின் முன்சுவரை இடித்திருந்தார்கள். தெருவோரம் கொட்டிய குவியலில் ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே குளியலறைக் கைப்பிடிகள் கிடந்தன, சிமென்ட் ஒட்டியபடி. வாங்கியவர்கள் உள்வாசலையும் அகலப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது. இப்போது எந்த இயந்திரமும் அதில் திரும்பும். அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. நீளத் தாழ்வாரம், இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி, மருந்து வாசனை. கூடத்தின் கோடியில், ஜன்னல் பக்கம், மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. முகத்தை ஒழுங்காக மழிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் கையை நீட்டி, "அங்கயே நில்லு! கிட்ட வராத!" என்று கத்தினார்.

இவ்வளவு கோபமா என்று அங்கேயே நின்றாள்.

மெக்கானிக் நாற்காலியின் கையை அழுத்தினார். முன்னால் ஆடினார். மூச்சைப் பிடித்தார். தொடை நடுங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. எழுந்தார். எழுந்து நிமிர்ந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி?" என்றார்.

புயல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒருத்தன் இருக்கான், கடங்காரன். எழுந்திருங்கம்பான், செல்போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுடுவான். நான் எழுந்திருக்கற வரைக்கும் நிமிர மாட்டான். திட்டிப் பாத்தேன், சாபம் விட்டுப் பாத்தேன். ம்ஹூம். வேற வழியில்லாம எழுந்துட்டேன்." அவருக்குச் சிரிப்பு தாளவில்லை. "கழிவறைக்கு நானே போறேன். கேட்டுப் பாரு யாரை வேணா. என் பொண்ணுகிட்ட வேணும்னேதான் சொல்லல. நீ வந்தப்புறம் உங்கிட்டதான் மொதல்ல காட்டணும்னு இருந்தேன்."

"அப்பா..."

"அந்த மேற்பார்வை அம்மாவை வரச்சொல்லு. எந்த நாற்காலி வேணா கொண்டு வரட்டும். நிக்கறேன். நின்னுட்டா வீட்லயே இருக்கலாம்னு அவங்க வாயால சொன்னாங்களா இல்லையா? நீதான சாட்சி? வீட்டை ஒருவாட்டி பெருக்கி வெச்சுடு. பூட்டியே கெடக்கு, ஒட்டடை புடிச்சிருக்கும். பழையபடி நீயே வந்துடு. என்ன, ஒரே ஒரு கண்டிஷன், என்னைத் தொடக்கூடாது."

சொல்ல வந்ததை அவள் பேருந்தில் பல விதமாகக் கோத்து வைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது மிஞ்சவில்லை. நான் அன்றைக்கு வேறு ஆளை விட்டிருந்தால், அந்தக் கல்நெஞ்சக்காரியை விட்டிருந்தால், இவர் இதே மாதிரி அந்த வீட்டுக் கூடத்திலேயே நின்றிருப்பாரே என்ற ஒன்று மட்டும் மனதில் நின்றது. கண்ணீரை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

மெக்கானிக் அவள் அழுவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அட, எதுக்கு இப்ப அழற? விழுந்துடுவேன்னா? விழ மாட்டேம்மா. நீ இன்னும் நம்பலயா? இரு, இரு, இன்னொருவாட்டி பாரு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து நின்று காட்டினார்.